முன்னாட் படைவீரரும் முதல் வீடும்



சென்ற தைப்பொங்கலை அடுத்த கிழமையில், ஓர் அந்திப் பொழுதிலே, எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய மைந்தர் முன்னொருகால் என்னிடம் சரித்திரம் பயின்ற மாணவர். குடிவரவுச் சீட்டிழுப்பிலே இடங் கிடைத்து அமெரிக்காவுக்குச் சென்றவர். அங்கே கடற்படையிற் சேர்ந்து, கப்பலின் இயந்திர அறையில் எட்டாண்டு பணியாற்றி, விடுவிப்புப் பெற்று, இப்பொழுது வேர்ஜீனியா மாநிலத்து நோர்போக் நகரில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாடகை வீட்டில் வாழ்பவர். தந்தையாரின் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று மைந்தர் எழுதிய கடிதம். மற்றது கடன் கொடுப்போர் அனுப்பிய செலவுக் கணக்கு.

"ஐயா, மூன்று இலட்சம் டொலர் பெறுமதியான வீட்டை, ஒரு சதமும் முற்பணம் வாங்காமல் தருகிறார்களாம். காசு வாங்காமல் வீட்டுத் திறப்பைக் கையிலே கொடுப்பவன் உலகத்தில் எவன் இருக்கிறான்? இதில் ஏதோ பொறி இருக்கிறது. நான் வயலையும் வளவையும் ஈடு வைத்துப் பத்து வீதத்தையாவது அனுப்பிவிடட்டுமா?" என்று அவர் கேட்டார்.

அவருடைய ஐயம் நியாயமானதே. "வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அன்று அவருக்குச் சொன்ன விடையையே சற்று விரித்து இன்று உங்கள் முன் வைக்க எண்ணுகிறேன். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிய குடும்பங்கள் நம் ஊர்களிற் பல. உழைப்பு எங்கே நடப்பினும், அவ்வுழைப்பைப் பற்றிய கவலை இங்கேயிருக்கும் பெற்றோரையும் வந்து சேருகின்றது. அன்றியும், ஓர் அரசாங்கம் தனக்காகப் போரிட்டவனுக்கு எவ்வாறு நன்றி செலுத்தல் வேண்டும் என்ற கேள்வி எந்நாட்டவரும் சிந்திக்கத்தக்க ஒன்றாகும்.

முதற்கண் இத்திட்டம் பிறந்த வரலாற்றைப் பார்ப்போம். முதலாம் உலகப் போரில் ஈடுபட்ட அமெரிக்க வீரர்களுக்கு ஒரு மிகையூதியம் வழங்குவதாக 1924ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால், அப்பணம் கைக்கு வருவது பெரும்பாலும் 1945ஆம் ஆண்டிலேயே என விதிக்கப்பட்டிருந்தது. இதற்கிடையிற் பெரும் பொருளாதார மந்தம் வந்து சூழ்ந்தது. வேலையும் உணவும் இழந்த முன்னாள் வீரர் பல்லாயிரவர், தமக்குரியதை உடனே தருமாறு வேண்டி, 1932ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரிலே குடிசைகள் அமைத்துத் தங்கினர். அவ்வாண்டு யூலை 28ஆந் திகதி, இராணுவமே கண்ணீர்ப் புகையும் தாங்கிகளும் கொண்டு அவர்களை வெளியேற்றியது. குடிசைகள் எரிந்தன. ஒரு காலத்தில் தாம் அணிந்திருந்த சீருடையை அணிந்தவர்களே தம்மைத் துரத்தக் கண்ட அவ்வீரர்களின் மனநிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை. மிகையூதியம் 1936ஆம் ஆண்டிலேதான் வழங்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிவை நெருங்கியபொழுது, இந்நினைவு அந்நாட்டு ஆட்சியாளரின் நெஞ்சை விட்டு அகலவில்லை. அப்போரிற் சேவை செய்த அமெரிக்கர் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் பேர். அவர்கள் அனைவரும் ஒருங்கே திரும்பி வந்தால் வேலைக்கும் வீட்டுக்கும் எங்கே போவது? இதற்கு விடையாகவே, 1944ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி, சனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்துக்குக் கையொப்பமிட்டார். "படைவீரர் மீளமைப்புச் சட்டம்" என்பது அதன் முறையான பெயர். மக்கள் அதனை ஜி.ஐ. உரிமைச் சட்டம் என்றே வழங்கினர். கல்விக்கு உதவி, வேலையற்றிருக்கும் காலத்துக்கு உதவி, வீட்டுக் கடனுக்குப் பிணை என்னும் மூன்றும் அச்சட்டத்தின் தூண்கள். நமது இன்றைய பொருள் மூன்றாவது தூணாகும்.

அச்சட்டத்தின்படி அரசாங்கம் வீரருக்கு வீடு கட்டிக் கொடுக்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை, கடன் கொடுப்பவரிடம் வீரருக்காகப் பிணை நின்றது. தொடக்கத்திற் கடனின் பாதிக்கு, 2,000 டொலருக்கு மேற்படாமல், பிணை தரப்பட்டது. வட்டி நூற்றுக்கு 4 வீதத்துக்கு மேற்படலாகாது என்றும், 20 ஆண்டுக்குள் அடைக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அத்தொகை போதாது என விரைவிலே தெரிந்தமையால், 1945ஆம் ஆண்டின் இறுதியிற் பிணை 4,000 டொலராகவும், 1950இல் 7,500 டொலராகவும் உயர்த்தப்பட்டது; தவணைக் காலமும் 30 ஆண்டு வரை நீண்டது. அதற்கு முன்னைய தலைமுறையில், வீட்டின் விலையிற் பாதியைக் கையிலே வைத்திருப்பவனே பெரும்பாலும் கடன் பெற முடிந்தது. அக்கடனையும் சில ஆண்டுகளில் ஒருமிக்கத் திருப்ப வேண்டியிருந்தது. இந்நிலையோடு ஒப்பிட்டால், மாற்றத்தின் அளவு விளங்கும்.

பயன் பெரிதாகவே இருந்தது. 1955ஆம் ஆண்டளவில் இத்திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 43 இலட்சம் வீட்டுக் கடன்கள் வழங்கப்பட்டிருந்தன. அவற்றின் மொத்தத் தொகை 3,300 கோடி டொலர். நியூயோர்க் நகருக்கு அண்மையிலுள்ள லோங் ஐலண்டிலே, வில்லியம் லெவிட் என்பவர் 1947ஆம் ஆண்டு தொடங்கி உருளைக்கிழங்கு விளைந்த நிலங்களில் வரிசை வரிசையாகச் சிறு வீடுகளை எழுப்பினார். சில ஆண்டுகளில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஊராக அது வளர்ந்தது. லெவிட்டவுண் என்பது அதன் பெயர். 1949ஆம் ஆண்டில் அங்கே ஒரு வீட்டின் விலை 7,990 டொலர். முன்னாட் படைவீரர் முற்பணமின்றி அதை வாங்கலாம்.

ஆயினும் நேயர்களே, இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லாது விடுவது நேர்மையாகாது. அந்த லெவிட்டவுணிலே கறுப்பினத்தவருக்கு வீடு கிடையாது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் 1947ஆம் ஆண்டு எடுத்த ஒரு கணக்கெடுப்பில், அரசு பிணை நின்ற கடன்கள் 3,229இல் கறுப்பின வீரருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. சட்டத்திலே நிறபேதம் ஒன்றும் எழுதப்படவில்லை. பிறகு எவ்வாறு இது நிகழ்ந்தது? அரசு பிணை மாத்திரமே நின்றது. கடன் கொடுப்பதா, மறுப்பதா என்பதை உள்ளூர் வங்கியாளரே தீர்மானித்தனர். பிணையாளி எத்துணை வலியவனாயினும், கடன் கொடுப்பவன் கதவைத் திறவாவிடின் பயனில்லை அன்றோ? வீடு விற்பதிலும் வீட்டுக் கடன் கொடுப்பதிலும் இனபேதம் காட்டுவதைத் தடுக்கும் நாடளாவிய சட்டம் 1968ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. வீடு வாங்கியவர் தம் மக்களுக்கு அதை விட்டுச் சென்றனர். வாங்க முடியாதவர் வாடகைச் சிட்டையையே விட்டுச் சென்றனர். அவ்வேறுபாட்டின் தழும்பு இன்றும் மறையவில்லை.

இனி, இத்திட்டம் இன்று எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைப் பார்ப்போம். இதனை நடத்தும் முன்னாட் படைவீரர் நிருவாகம் 1989ஆம் ஆண்டில் ஓர் அமைச்சரின் தலைமையிலான திணைக்களமாக உயர்ந்தது. தொடக்கம் முதல் இதுவரை 2.5 கோடிக்கும் மேற்பட்ட கடன்களுக்கு அது பிணை நின்றிருக்கின்றது.

நமது பெரியவரின் முதற் கேள்வி, முற்பணமின்றிக் கடன் கொடுக்க வங்கி எவ்வாறு துணிகின்றது என்பது. ஊர் வழக்கைக் கொண்டே அவருக்கு விளக்கினேன். "அண்ணை, முன்பின் தெரியாத இளைஞன் ஒருவன் உங்களிடம் கடன் கேட்டால் யோசிப்பீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட வந்து, 'இவன் தவறினால் காற்பங்குக்கு நான் பொறுப்பு' என்று சொன்னால், கொடுப்பீர்கள் அல்லவா?" என்றேன். அமெரிக்க அரசு செய்வது இதுவே. 300,000 டொலர் கடனாயின், அதன் காற்பங்காகிய 75,000 டொலர் வரை அரசு பிணை நிற்கின்றது. கடன்காரர் தவறி, வீடு ஏலம் போய், வங்கிக்கு 60,000 டொலர் நட்டம் வந்ததாயின், அதனை அரசு ஈடு செய்யும். பிறர் 20 வீத முற்பணம் கட்டுவதனால் வங்கிக்கு எந்தப் பாதுகாப்புக் கிடைக்கின்றதோ, அந்தப் பாதுகாப்பு இங்கே அரசின் சொல்லினாற் கிடைக்கின்றது. முற்பணம் குறைந்த ஏனைய கடன்காரர் மாதந்தோறும் கட்டும் ஈட்டுக் காப்புறுதிப் பணமும் இதிலே இல்லை. முழு உரிமையும் கையிலுள்ளவருக்குக் கடன் தொகையின் மேல்வரம்பு 2020ஆம் ஆண்டு தொடக்கம் நீக்கப்பட்டுள்ளது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லல் வேண்டும். அப்பிணை காப்பது கடன் கொடுத்தவரை; கடன் பெற்றவரை அன்று. தவணை தவறினால் வீடு போகும். அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தைத் தீர்க்கும் வரை, அவருடைய உரிமையில் அவ்வளவும் குறைந்தே நிற்கும். ஆதலின், "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று எவரும் வாளாவிருத்தல் ஆகாது. தவணை கட்ட இயலாத நிலை வரும்போல் தோன்றிய அன்றே, கடனை அறவிடுவோருக்கும் திணைக்களத்துக்கும் அறிவித்தல் வேண்டும். கடன்காரருக்காகப் பேசித் தவணையை மாற்றியமைக்க உதவும் அலுவலர் திணைக்களத்தில் உளர். காலந்தாழ்த்தி வருபவருக்கு அவர்களாலும் அதிகம் செய்ய இயலாது.

இவ்வுரிமை யாருக்கு உண்டு? இன்று சேவையில் இருப்போர் 90 நாட்கள் இடையறாது பணியாற்றியிருத்தல் வேண்டும். விடுவிப்புப் பெற்றோருக்குப் பணியாற்றிய காலப்பகுதிக்கேற்ப விதி வேறுபடும்; அண்மைக் காலத்தவருக்குப் பொதுவாக 24 மாதம், அல்லது அழைக்கப்பட்ட காலம் முழுவதும். தேசிய காவற்படையினருக்கும் ஒதுக்கப் படையினருக்கும் ஆறு ஆண்டுச் சேவை பொதுவான வழி. இழிவான முறையில் நீக்கப்பட்டவருக்கு இவ்வுரிமை இல்லை. சேவையின் விளைவாக உயிர் நீத்தவரின் வாழ்க்கைத் துணைவரும் இதனைப் பெறலாம். தகுதியுடையோர் தம் விடுவிப்புப் பத்திரத்தைக் காட்டித் "தகைமைச் சான்றிதழ்" பெறல் வேண்டும். அப்பத்திரத்தை அவர்கள் டிடி 214 என்று குறிப்பர். நம்மவர் காணி உறுதியைப் பேணுவது போல அதைப் பேணிவைத்தல் நன்று.

சான்றிதழ் கிடைத்தாற் கடன் கிடைத்துவிட்டது என்பது பொருளன்று. சான்றிதழ் தருவது அரசு. கடன் தருவது வங்கி. கடன் கேட்பவரின் வருமானத்தையும், வேலையின் உறுதியையும், முன்பு வாங்கிய கடன்களை ஒழுங்காகத் தீர்த்தாரா என்பதையும் வங்கி ஆராயும். மாதக் கடன் தவணைகளெல்லாம் சேர்ந்து வருமானத்தின் 41 வீதத்தை விஞ்சினால், மேலும் நுணுகிப் பார்க்கும்.

இவற்றோடு இத்திட்டத்துக்கே சிறப்பான ஒரு சோதனையும் உண்டு. வரி, வீட்டுத் தவணை, பிற கடன்கள், வீட்டைப் பேணும் செலவு ஆகிய அனைத்தும் போக, சோற்றுக்கும் துணிக்கும் மருந்துக்கும் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்கிடுகின்றனர். 80,000 டொலரும் அதற்கு மேலுமான கடனாயின், நால்வர் கொண்ட குடும்பத்துக்குத் தென்பகுதி மாநிலங்களில் மாதம் 1,003 டொலரும், மேற்குப் பகுதியில் 1,117 டொலரும் மிஞ்சுதல் வேண்டும் என்பது அளவுகோல். வேர்ஜீனியா தென்பகுதியிற் சேர்ந்தது. 2008ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவிலே வீட்டுக் கடன்கள் பெருவாரியாக முறிந்தபொழுது, முற்பணமில்லாத இப்படைவீரர் கடன்கள் எதிர்பார்த்ததைவிட உறுதியாக நின்றன. அதற்குரிய காரணங்களில் ஒன்றாக இம்மிச்சக் கணக்கை ஆய்வாளர் காட்டுவர். வருமானம் எவ்வளவு என்று கேட்பதோடு அமையாது, மிச்சம் எவ்வளவு என்றும் கேட்பது நம் தாய்மார் மாதக் கடைசியிற் செய்யும் கணக்கே ஆகும்.

அடுத்தது வீட்டின் மதிப்பு. திணைக்களம் நியமித்த மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டைப் பார்வையிட்டு, அதன் நியாயமான பெறுமதியை எழுதிக் கொடுப்பார். கூரை, தண்ணீர், மின்சாரம், வெப்பமூட்டும் வசதி ஆகியன பாதுகாப்பாகவும் சுகாதாரமாகவும் உள்ளனவா என்பதையும் நோக்குவார். பேசிய விலை அம்மதிப்பை விஞ்சினால், வாங்குபவர் தாம் கட்டிய வைப்புப் பணத்தை இழக்காமலே விலகிக்கொள்ளலாம் என்ற வாசகம் உடன்படிக்கையில் இருத்தல் வேண்டும். இது வீரருக்குப் பெரிய அரண். ஆனால், மதிப்பீடு வேறு, வீட்டைத் துருவிப் பார்க்கும் பரிசோதனை வேறு. மதிப்பீட்டாளர் சுவருக்குள் இருக்கும் குழாயைப் பார்ப்பதில்லை. ஆகவே, சில நூறு டொலர் செலவாயினும் தனியாக ஒரு பரிசோதகரை அமர்த்துதல் முதல் வீடு வாங்குவோருக்கு அறிவுடைமையாகும்.

கடனைப் பெறுவதற்கு முன் பல வங்கிகளிடம் விசாரித்தலும் வேண்டும். தொடக்க காலத்தில் வட்டியின் எல்லையை அரசே வகுத்தது. 1992ஆம் ஆண்டிலிருந்து அது கடன் கொடுப்போரும் பெறுவோரும் தம்முட் பேசி முடிக்கும் காரியமாயிற்று. ஒரே நாளில், ஒரே மனிதருக்கு, இரண்டு வங்கிகள் இரண்டு வட்டி சொல்வது வழக்கம். வாங்கிய வீட்டில் உரிமையாளரே குடியிருத்தல் வேண்டும் என்பதும் விதி. பொதுவாக 60 நாட்களுக்குட் குடிபுகல் வேண்டும். வாடகைக்கு விடும் நோக்குடன் வாங்குவோருக்கு இக்கடன் உரியதன்று.

இனிப் பெரியவரின் கையிலிருந்த கணக்குக்கு வருவோம். இத்திட்டத்தில் ஒரு முறை செலுத்தும் "நிதிக் கட்டணம்" ஒன்று உண்டு. வருங்கால வீரர்களுக்கு இத்திட்டம் நிலைத்திருக்கும் பொருட்டு அறவிடப்படுவது அது. 2023ஆம் ஆண்டு ஏப்பிரலில் அமைந்த விகிதப்படி, முதன்முறை முற்பணமின்றி வாங்குபவருக்கு அது கடனில் 2.15 வீதம், முற்பணம் 5 வீதமாயின் 1.5 வீதம், 10 வீதமாயின் 1.25 வீதம். உரிமையை மறுமுறை பயன்படுத்தி முற்பணமின்றி வாங்குவோருக்கு 3.3 வீதம். 300,000 டொலர்க் கடனுக்கு 2.15 வீதம் 6,450 டொலர். இதைக் கையாற் கட்டாமற் கடனோடு சேர்த்துவிடலாம். பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர். அப்படியாயிற் கடன் 306,450 டொலர் ஆகும்.

கணக்கின் பொருட்டு ஆண்டு வட்டியை நூற்றுக்கு 6 என்றும், தவணையை 30 ஆண்டு என்றும் கொள்வோம். மாதத் தவணை 1,837 டொலர். முதலாம் ஆண்டு முழுவதும் தவறாது கட்டினாலும், முதலிற் குறைவது ஏறத்தாழ 3,760 டொலரே. மற்றவையெல்லாம் வட்டிக்குப் போகும். ஆகவே, ஓராண்டின் முடிவில் அவர் இன்னும் கொடுக்க வேண்டியது 302,690 டொலர் அளவில் நிற்கும். வாங்கிய விலையோ 300,000. இடமாற்றமோ வேலையிழப்போ வந்து, அந்த நேரத்தில் வீட்டை விற்க நேர்ந்தால், விலை ஏறாதவிடத்து, முகவர் கூலியைச் சேர்க்காமலே கையிலிருந்து பணம் போடவேண்டி வரும். முற்பணமில்லாக் கடனில் உண்மையான இடர் இதுவே. பெரியவர் தேடிய பொறி எவரும் மறைத்து வைத்ததன்று. கணக்கைப் போட்டுப் பாராதவர் தாமே சென்று விழுவது. ஆதலின், ஓரிடத்திற் சில ஆண்டுகளாவது நிலைத்திருக்கும் எண்ணமுடையவரே இவ்வழியை மேற்கொள்ளல் வேண்டும். நம் மாணவர் படையை விட்டு நீங்கியவர், நிலையான வேலையுடையவர், பிள்ளைகளும் அங்கேயே படிக்கின்றனர். ஆகவே, அவரளவில் இவ்விடர் சிறிதே.

ஆனால், அக்கணக்குத் தாளைப் படித்துக்கொண்டு வந்தபொழுது, மைந்தரின் கடிதத்திலிருந்த ஒரு வரி என் நினைவுக்கு வந்தது. இயந்திர அறையின் ஓசையினால் ஒரு செவியின் கேள்வி குன்றியமைக்காக, திணைக்களம் தமக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகையை வலுக்குறைவு இழப்பீடாகத் தருகின்றது என்று அவர் எழுதியிருந்தார். சேவையினால் நேர்ந்த வலுக்குறைவுக்கு இழப்பீடு பெறுபவருக்கு நிதிக் கட்டணம் முற்றாக விலக்கப்பட்டுள்ளது. இழப்பீடு எத்துணைச் சிறியதாயினும் இவ்விலக்கு உண்டு. அவ்வாறிருந்தும், கடன் கொடுப்போர் அனுப்பிய தாளில் அந்த 6,450 டொலரும் சேர்க்கப்பட்டிருந்தது. கடனோடு சேர்த்தால், 30 ஆண்டில் அது வட்டியுடன் ஏறக்குறைய 13,900 டொலராக வளர்ந்திருக்கும்.

"தம்பியிடம் சொல்லுங்கள், தகைமைச் சான்றிதழை எடுத்துப் பார்க்கட்டும். கட்டணத்துக்கு விலக்கு உண்டா, இல்லையா என்பது அதிலேயே குறித்திருக்கும்" என்றேன். அன்றிரவே தந்தையார் தொலைபேசியிற் பேசினார். அறியாமற் கட்டிவிட்டோரும் மனம் தளர வேண்டியதில்லை. வீடு வாங்கிய நாளுக்கு முன்னிருந்தே செல்லுபடியாகுமாறு இழப்பீடு பின்னர் வழங்கப்பட்டால், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

எஞ்சியது அவர் வயலையும் வளவையும் ஈடு வைக்கும் பேச்சு. அதற்கும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கட்டணம் நீங்கிய 300,000 டொலருக்கு மாதத் தவணை 1,799 டொலர். அவர் 30,000 டொலர் அனுப்பிக் கடனை 270,000 ஆக்கினால், தவணை 1,619 ஆகும். மாதம் 180 டொலர் குறையும். ஆண்டுக்கு 2,160 டொலர். இங்கே அவர் வாங்கும் ஈட்டுக்கு வட்டி நூற்றுக்கு 12 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 30,000 டொலருக்குச் சமமான பணத்துக்கு ஆண்டு வட்டி மாத்திரம் 3,600 டொலர்; முதல் அப்படியே நிற்கும். மகனுக்கு 2,160 மிச்சமாவதற்குத் தந்தை 3,600 இழப்பது எந்த வாய்ப்பாட்டிற் சேரும்? அன்றியும், அங்கே கடன் தவறினாற் போவது ஒரு வீடு. இங்கேயும் ஈடு வைத்தால், அதனோடு வயலும் வளவும் சேர்ந்து போகக்கூடும்.

"அப்படியென்றால், நான் ஒன்றுமே செய்ய வேண்டாமா?" என்று அவர் கேட்டார். அக்கேள்வியில் ஓர் ஏமாற்றம் தொனித்தது. பிள்ளையின் வீட்டில் தம் கையாலும் ஒரு கல் இருக்க வேண்டும் என்று எந்தத் தந்தைதான் விரும்பமாட்டார்? "மகன் முற்பணத்துக்கென்று தேடி வைத்த பணம் இருந்தால், அதைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்" என்றேன். முற்பணமில்லை என்பதனால் வேறு செலவில்லை என்பது பொருளன்று. மதிப்பீட்டுக் கூலி, உறுதிப் பதிவு முதலிய முடிப்புச் செலவுகள் உள. விற்பவர் அவற்றிற் சிலவற்றை ஏற்க இணங்குவதுமுண்டு. மாதத் தவணையோடு வீட்டு வரியும் காப்புறுதியும் சேர்த்து அறவிடப்படும். அங்கே வீட்டு வரி நம்மூர்ச் சோலைவரி போன்ற சிறு தொகையன்று. குடும்பத்தின் மாதக் கணக்கை அசைக்கவல்லது. குடிபுகுந்த மறுமாதமே வெப்பமூட்டும் பொறி பழுதடைந்தால், திருத்தித் தர வீட்டுக்காரர் என்று ஒருவர் இரார். அந்த வீட்டுக்காரர் தாமே. ஆகவே, சில மாதச் செலவுக்குப் போதுமான பணம் கையிருப்பில் இருப்பதே முதல் வீட்டின் உண்மையான அத்திவாரம்.

இரண்டு கிழமை கழித்துப் பெரியவர் மீண்டும் வந்தார். கடன் கொடுப்போர் பிழையை ஒப்புக்கொண்டு, கட்டணத்தை நீக்கிப் புதிய தாள் அனுப்பியிருந்தனர். மைந்தர் வேறு இரு வங்கிகளிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார். வயல் ஈட்டுக்குப் போகவில்லை.

நேயர்களே, "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பர். வீடு விரும்புவது குற்றமன்று. அதற்காகக் கடன்படுவதும் குற்றமன்று. ஆனால், கடனைப் பற்றிய தாள் எதுவாயினும் முழுவதையும் படித்தல் வேண்டும். விளங்காததை விளங்கியவரிடம் கேட்டல் வேண்டும். அந்த இளைஞர் தம் செவியின் ஒரு பங்கைக் கடலிலே விட்டு வந்தவர். அதன் பொருட்டு அவருடைய நாடு அளித்த விலக்கு, ஒரு தாளின் மூலையிலே கவனிப்பாரின்றிப் போக இருந்தது. உரிமை சட்டத்தில் எழுதப்பட்டால் மட்டும் போதாது. உரியவர் அதை அறிந்து கேட்டுப் பெறல் வேண்டும். உங்கள் பிள்ளைகள் எந்நாட்டில் வாழ்ந்தாலும், வீட்டுக் கடனைப் பற்றி அவர்கள் எழுதும்பொழுது, பணம் அனுப்பட்டுமா என்று கேட்பதற்கு முன், தாளை அனுப்பு, படித்துப் பார்ப்போம் என்று சொல்லுங்கள்.